கிரேக்கத் தெய்வங்களை இன்று வழிபட: எந்த வழியில் தொடங்குவது?

கிரேக்க நாட்டின் வடமேற்கில், எபிரஸ் மலைகளுக்கு நடுவே டொடோனா இருக்கிறது. பழங்காலத்தில் அது ஜீயஸ் குறி சொன்ன தலம். குறி கேட்க வந்தவர்கள் தங்கள் கேள்வியை மெல்லிய ஈயத் தகட்டில் கீறினார்கள். அந்தத் தகடுகள் ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. காணாமல் போன போர்வைகளைப் பற்றி ஒருவர் கேட்கிறார். பிள்ளை பிறக்குமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு தகட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள்: தெய்வங்களிலும் வீரர்களிலும் யாரை வேண்டிப் படைத்தால் நாங்களும் எங்கள் வீடும் இன்றும் என்றும் நன்றாக இருப்போம்?

இந்தத் தெய்வங்களை இன்று மீண்டும் வழிபட விரும்புகிறவர் முன்னும் அதே கேள்விதான் நிற்கிறது. யாரை என்பதோடு எப்படி என்பதும் இப்போது சேர்ந்துகொண்டது. கற்றுத்தரப் பாட்டி இல்லை. போய்க் கேட்கப் பக்கத்துத் தெருவில் பூசாரி இல்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசின் சட்டங்கள் இந்த வழிபாட்டின் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. கல்வெட்டும் குவளை ஓவியமும் நாடகமும் விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு, கிரேக்கத்திலும் வெளியிலும் மக்கள் அதை மீண்டும் கோத்துவருகிறார்கள். வீட்டையும் மாதப் பிறையையும் மையமாக வைக்கிறவர்கள் உண்டு. ஏதென்ஸ் நகரின் திருவிழா நாட்காட்டியை முழுவதுமாகப் பின்பற்றுகிறவர்கள் உண்டு. அமைப்பில் சேர்கிறவர்கள், ஒரே தெய்வத்தைப் பற்றிக்கொள்கிறவர்கள், தத்துவ நூல்கள் வழியே வருகிறவர்கள் என்று மற்றவர்களும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் தொடங்குங்கள். குறைந்தது ஆறு மாதம் அதை மட்டும் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவை. இந்த முடிவுக்கு நான் நேராக வரவில்லை. தவறான இடத்தில் தொடங்கி, ஓர் ஆண்டை இழந்து வந்தேன்.

முழு நாட்காட்டி

நான் முதலில் எடுத்தது திருவிழா வழி. அதன் ஈர்ப்பு எனக்கு இன்னும் புரிகிறது. ஏதென்ஸ் ஆண்டு, கோடைக் கதிர்த்திருப்பத்தை அடுத்த புதுப்பிறையில் ஹெக்கடோம்பயோன் மாதத்தோடு தொடங்குகிறது. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு 354 நாள்தான் ஆகும் என்பதால் சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூட்டுவார்கள். பெரும்பாலும் குளிர்காலத்து பொஸைடெயோன் மாதம் இரண்டு முறை வரும். பனாதெனயா, புவனெப்சியா, அந்தெஸ்டீரியா, தர்கேலியா என்று விழாக்கள் வரிசையாக நிற்கும். ஒரு சுவர் நாட்காட்டியில் இவற்றையெல்லாம் குறித்து வைத்துப் பார்த்தபோது, ஒரு முழு மதமே கைக்கு வந்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாம் மாதத்திலேயே திணறிப் போனேன். வேலை நாளில் வரும் விழாவுக்கு விடுப்பு கிடைக்காது என்பது சிறிய தடை. பெரிய தடை வேறு. இந்த விழாக்களில் பெரும்பாலானவை ஒரு நகரம் செய்தவை. பனாதெனயாவில் அதீனாவுக்கென்று நெய்த புதிய ஆடையை ஊரே ஊர்வலமாக அக்ரோபொலிஸ் குன்றுக்குக் கொண்டு சென்றது. பலியிட்ட மாடுகளின் இறைச்சி குடிமக்களுக்குப் பங்கிடப்பட்டது. நெய்தவர்கள், சுமந்தவர்கள், ஓடியவர்கள், பாடியவர்கள், உண்டவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் அந்த விழா. நான் தனியாக ஒரு மேசையின் முன் நின்று ஒரு துதியைப் படித்துவிட்டு, பனாதெனயா கொண்டாடினேன் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தெஸ்மோபோரியா பெண்கள் மட்டும் கூடிச் செய்த விழா. எலியூசிஸ் என்ற ஊரில் நடந்த மறைவழிபாட்டின் உள்ளடக்கத்தை அதில் கலந்துகொண்டவர்கள் வெளியே சொல்லாமலே மறைந்தார்கள்; அதை யாரும் மீட்டெடுக்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஏதென்ஸ் நாட்காட்டி என்பது கிரேக்கர்கள் எல்லாருக்கும் பொதுவானதல்ல. ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி மாதப் பெயர்கள், தனித்தனி விழாக்கள் இருந்தன. ஸ்பார்ட்டாவின் பெருவிழாக்கள் கர்னேயாவும் ஹயாகிந்தியாவும். நாம் ஏதென்ஸை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அதைப் பற்றிய எழுத்துகள் மிகுதியாகக் கிடைத்திருப்பதுதான். நீங்கள் பூமியின் தெற்குப் பாதியில் வாழ்கிறவரானால் சிக்கல் இன்னும் கூடும். குளிர்காலம் முடியும் தறுவாயில் புதுத் திராட்சை மது ஜாடிகளைத் திறக்கும் அந்தெஸ்டீரியா, அங்கே கோடையில் வந்து நிற்கும்.

ஆனாலும் இந்த வழியை முழுவதுமாகத் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்குள் ஒரு கால் வைத்திருந்த விழாக்கள் சில இருக்கின்றன. புவனெப்சியாவில் பயறு வகைகளையெல்லாம் ஒரே பானையில் போட்டு வேகவைப்பார்கள். கிரீட் தீவிலிருந்து தப்பி வந்த ஏதென்ஸ் வீரன் தீசியஸும் தோழர்களும் மிச்சமிருந்ததையெல்லாம் ஒன்றாகச் சமைத்து உண்டதன் நினைவு என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். ஆலிவ் கிளையில் கம்பளி நூல் சுற்றி, அத்திப்பழமும் அப்பமும் கட்டி வாசலில் தொங்கவிடுவார்கள். அந்தெஸ்டீரியாவின் மூன்றாம் நாளில் தானியங்களைப் பானையில் வேகவைத்து, இறந்தோரை வழிநடத்தும் ஹெர்மிஸுக்குப் படைப்பார்கள். இவற்றுக்கு ஒரு அடுப்பும் ஒரு வாசலும் போதும்.

வீடும் பிறையும்

இந்த வழியின் நடுவில் ஹெஸ்தியா இருக்கிறாள். அடுப்புத் தீயின் தெய்வம். மற்றத் தெய்வங்களைப் போல அவளுக்குப் பெரிய கதைகள் இல்லை. அவள் எங்கும் போவதில்லை, வீட்டிலேயே இருக்கிறாள். ஹோமரின் பெயரால் வழங்கும் துதி ஒன்று, முதலிலும் கடைசியிலும் அவளுக்கு மது ஊற்றாமல் மனிதருக்கு விருந்தே இல்லை என்கிறது. பிறந்த குழந்தையை அந்த அடுப்பைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புதிதாக வந்த மணப்பெண்ணின் தலையில் உலர்பழங்களையும் கொட்டைகளையும் சொரிந்ததும் அதன் முன்தான். ஒரு மனிதர் வீட்டைச் சேர்ந்தவராகும் இடம் அது.

இன்றைய அடுக்குமாடி வீட்டில் நடுக்கூடத்து அடுப்பு கிடையாது. ஆகவே சிலர் சமையல் மேடையில் ஒரு அகல் விளக்கை அவளுக்கென்று வைக்கிறார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். காலையில் ஏற்றி, ஒரு சொட்டு தண்ணீரோ பாலோ சிறு கிண்ணத்தில் ஊற்றி, அவள் பெயரைச் சொல்கிறேன். இரவில் மீண்டும். படுக்கப் போகும்போதும் புனித ஒளி திரும்பி வரும்போதும் மதுவும் நறும்புகையும் படைத்துத் தெய்வங்களை மகிழ்வி என்று பழங்காலக் கவிஞர் ஹெசியட் தன் உடன்பிறந்தவனுக்குச் சொன்ன அறிவுரைதான் இது. அதே இடத்தில் அவர் உன் சக்திக்கு ஏற்றபடி செய் என்றும் சொல்கிறார். கைகழுவாமல் ஜீயஸுக்கு மது ஊற்றாதே என்றும் வேறோரிடத்தில் எச்சரிக்கிறார். வசதி குறைந்ததைத் தெய்வம் பொறுக்கும், கவனம் குறைந்ததைப் பொறுக்காது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அடுத்தது க்தேசியோஸ் என்ற பெயரில் ஜீயஸ். வீட்டுப் பொருளைக் காப்பவர். சேமிப்பறையில் அவருக்கு ஒரு குடுவை இருந்தது. இரண்டு கைப்பிடியும் மூடியும் உள்ள சிறு ஜாடி. கைப்பிடிகளில் வெள்ளைக் கம்பளி நூல். உள்ளே தூய நீர், ஆலிவ் எண்ணெய், பலவகை விளைபொருள்கள். பெரிய உருவச்சிலை எதுவும் வேண்டாம், அந்தக் குடுவையே அவர். என் வீட்டில் அது அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விருந்தினர் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. வேறு நம்பிக்கை உள்ள பெற்றோருடனோ வாடகை வீட்டுத் தோழர்களுடனோ வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களுக்குத் தெரியும்.

வாசல், முச்சந்திகளின் தெய்வமான ஹெக்காத்தேக்கும் ஹெர்மிஸுக்கும் தெருக்காவலனான அப்பல்லோவுக்கும் உரியது. மாதத்தின் இறுதி நாள், வானில் நிலவில்லாத இரவு, ஹெக்காத்தேயின் உணவு நாள். வீட்டைப் பெருக்கி, குடுவையில் இருந்த பழையதைக் கொட்டி, முச்சந்தியில் உணவு வைப்பார்கள். இன்று முச்சந்தியில் உணவு வைத்தால் மறுநாள் துப்புரவுப் பணியாளருக்குத்தான் சுமை. இதற்கு வழியைப் பண்டைய ஏதென்ஸே காட்டுகிறது: அரிஸ்டொஃபனிஸின் நாடகம் ஒன்றில், பணக்காரர் மாதாமாதம் வைக்கும் அந்த உணவை ஏழைகள் எடுத்து உண்பதாக ஒரு பாத்திரம் பேசுகிறது. அதனால் அந்த நாளில் பசித்த ஒருவருக்கு நேரடியாக உணவு கொடுத்துவிடுவது, இன்று பலர் கடைப்பிடிக்கும் முறை.

மறுநாள் மாலை, மேற்கில் மெல்லிய கீற்றாகப் பிறை தெரியும். அது நூமேனியா, புதுமாதத்தின் முதல் நாள். ஏதென்ஸில் நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்கியது என்பதால், அலுவலகத்திலிருந்து திரும்பியபின் செய்வதே முறைப்படி சரியாக அமைகிறது. குடுவையைப் புதிதாக நிரப்புவது, வாசலில் ஒரு பூமாலை, குந்திரிக்கம், பார்லி, கொஞ்சம் மது. இரண்டாம் நாள் நல்லாவியான அகதோஸ் டைமோனுக்கு நீர் கலக்காத மது ஒரு மிடறு. நான்காம் நாள் ஹெர்மிஸுக்கும் அஃப்ரோடைட்டிக்கும், ஆறாம் நாள் ஆர்ட்டெமிஸுக்கும், ஏழாம் நாள் அப்பல்லோவுக்கும் உரியவை. முடிந்தால் ஒரு துதி, முடியாவிட்டால் பெயரைச் சொல்லி ஒரு வணக்கம். மாதத்தின் முதல் வாரத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது.

மது அருந்தாதவர்கள் தயங்க வேண்டாம். நீர், பால், தேன் ஆகியவற்றை மட்டும் ஊற்றும் மதுவில்லாப் படையல் கிரேக்கர்களிடமே இருந்தது. புகை ஒத்துக்கொள்ளாத வீட்டில் பார்லி மணியும் பூவும் போதும். நறும்புகையைப் பொறுத்தவரை ஒரு சிறு தகவல்: ஓர்ஃபியஸ் என்ற புராணப் பாடகரின் பெயரால் வழங்கும் ஓர்ஃபிக் துதிகளில் பலவற்றின் தலைப்பில் எந்தத் தெய்வத்துக்கு எந்தத் தூபம் என்று குறித்திருக்கும். அவற்றில் அடிக்கடி வரும் ஸ்டைரக்ஸ் பிசினும் நம் வீடுகளில் போடும் சாம்பிராணியும் ஒரே பேரினத்து மரங்களிலிருந்து வருபவை. அந்த மணத்துக்கு நம் மூக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது.

வீட்டு வழிபாடு எளிமையான தொடக்கநிலை, விழாக்கள்தான் உண்மையான மதம் என்று பலர் நினைக்கிறார்கள். தத்துவ அறிஞர் பொர்ஃபிரி, தியோபொம்பஸ் என்ற வரலாற்றாசிரியரிடமிருந்து எடுத்துச் சொல்லும் ஒரு கதையை அவர்கள் கேட்க வேண்டும். ஆசியாவின் மக்னீசியாவைச் சேர்ந்த ஒரு பெருஞ்செல்வர், ஆண்டுதோறும் ஏராளமாகப் பலியிடுகிறவர், அப்பல்லோ குறி சொன்ன டெல்ஃபிக்கு வந்து, தெய்வங்களை மனிதரில் மிகச் சிறப்பாகப் போற்றுகிறவர் யார் என்று கேட்டார். தன் பெயர் வரும் என்று எதிர்பார்த்தார். ஆர்க்கேடியாவில் மெதுதிரியோன் என்னும் ஊரில் வாழும் கிளியார்கோஸ் என்று பதில் வந்தது. திகைத்துப்போய் அந்தச் சிற்றூருக்கே நடந்து, அந்த மனிதரைக் கண்டுபிடித்து விசாரித்தார். மாதாமாதம் புதுப்பிறையன்று முன்னோர் விட்டுச்சென்ற ஹெர்மிஸ், ஹெக்காத்தே முதலிய தெய்வ உருவங்களைத் துடைத்து, மாலையிட்டு, தூபமும் பார்லியும் அப்பமும் படைப்பேன். ஆண்டு விழா எதையும் விடமாட்டேன். மாடு வெட்டியல்ல, கையில் இருப்பதைக் கொண்டு, என்றார் கிளியார்கோஸ்.

எதிரிகளும் இதை அறிந்திருந்தார்கள். 392-ஆம் ஆண்டு நவம்பரில் பேரரசர் தியோடோசியஸ் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து பிறப்பித்த சட்டம் கோயில் பலியோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் தெய்வத்துக்கு விளக்கேற்றுவது, தூபமிடுவது, மது படைப்பது, மாலை தொங்கவிடுவது எல்லாவற்றையும் அது தடைசெய்தது. ரோமானிய வீட்டுத் தெய்வங்களின் பெயரைச் சொல்லித்தான் அந்தச் சட்டம் பேசுகிறது. ஆனால் கிரேக்க வீடுகளையும் அது கட்டுப்படுத்தியது. என் சமையல் மேடையில் விளக்கை ஏற்றும்போது பல நாள் அந்தச் சட்டத்தை நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வழியின் குறை தனிமை. நான் ஊற்றுவது சரிதானா என்று கேட்க ஆள் கிடையாது. சேர்ந்து பாடும் குரல் கிடையாது. மூன்று மாதம் கழித்து ஒரு வறட்சி வரும். அதைத் தனியாகத்தான் கடக்க வேண்டும்.

அமைப்பில் சேர்வது

அந்தக் குறைக்கு மருந்து இது. கிரேக்கத்தில் வாழ்கிறவர்களுக்கோ அடிக்கடி அங்கே போகிறவர்களுக்கோ இது உண்மையான வாய்ப்பு. 1997-இல் தொடங்கிய ஹெலனிய (கிரேக்க) இனத்தார் உயர் மன்றம், கிரேக்க மொழிச் சுருக்கத்தில் இஸே, இவற்றுள் முக்கியமானது. 2017-இல் கிரேக்க அரசு இந்த வழிபாட்டை 'அறியப்பட்ட மதம்' என்று ஏற்றுக்கொண்டது. ஒலிம்பஸ் மலையடிவாரத்தில் கோடையில் நடக்கும் பிரொமிதேயா கூடுகை பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. அமெரிக்காவில் 2001 முதல் ஹெலினியோன் என்ற அமைப்பு இயங்குகிறது.

பழைய கோயில்களிலேயே வழிபடலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவை தொல்லியல் துறையின் கையில் இருக்கின்றன. 2007 ஜனவரியில் ஏதென்ஸின் ஒலிம்பிய ஜீயஸ் கோயிலில் ஒரு குழு வழிபாடு நடத்தியது உலகச் செய்தியானதற்குக் காரணமே, அது அவ்வளவு அரிது என்பதுதான்.

இவ்வமைப்புகளில் சில, இதைக் கிரேக்க இனத்தின் மூதாதையர் மரபு என்று முன்வைக்கின்றன. நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்ட மரபை மீட்கிறவர்களின் அந்த உணர்வை நான் மதிக்கிறேன். வெளியிலிருந்து வருகிறவர் சேரும்முன் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே மரியாதை. ஆனால் தெய்வங்களின் பெயரால் இன வெறுப்பைப் பேசும் குழு எதுவானாலும், ஒரு நிமிடமும் அங்கே நிற்காதீர்கள். எலியூசிஸின் வாசல், கிரேக்க மொழி புரிந்த, கையில் கொலைப் பழி இல்லாத எவருக்கும் திறந்திருந்தது, அடிமைகளுக்கும் பெண்களுக்கும்கூட.

ஒரே தெய்வம்

இளைஞர்கள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். அப்பல்லோவோ அதீனாவோ ஹெக்காத்தேயோ மனதைப் பிடித்துவிடுகிறது. அந்த அன்பு உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் முழு வழிபாடும் அதுவே ஆகிவிடும்போது கிரேக்கர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஆர்ட்டெமிஸை மட்டும் வணங்கி அஃப்ரோடைட்டியை இகழ்ந்த ஹிப்போலிட்டஸின் அழிவை யூரிபிடிஸ் நாடகமாக்கினார்.

எனக்கு அதைவிட நெருக்கமானது ஏதென்ஸின் படைவீரரும் எழுத்தாளருமான செனஃபோனின் அனுபவம். பாரசீகத்துக்குள் சென்ற படையெடுப்பிலிருந்து உயிர்தப்பித் திரும்பியவர், கையில் காசில்லாமல் குதிரையை விற்க வேண்டியதாயிற்று. பழக்கமான ஒரு நிமித்திகர் அவரிடம், மெய்லிகியோஸ் என்னும் வடிவில் ஜீயஸ் உனக்குத் தடையாக நிற்கிறார். ஊரில் அவருக்குப் படைத்ததுபோல் இங்கே படைத்தாயா என்று கேட்டார். ஊரைவிட்டு வந்ததிலிருந்து இல்லை என்றார் செனஃபோன். மறுநாள் படைத்தார், அன்றே பணமும் வந்தது, குதிரையும் திரும்பக் கிடைத்தது. கவனியுங்கள், அவர் ஜீயஸை மறந்தவரல்ல. அரசன் என்னும் வடிவில் அதே ஜீயஸுக்கு வழியெல்லாம் பலியிட்டுக்கொண்டு வந்தவர். ஒரு தெய்வத்தின் ஒரு முகத்தை விட்டதற்கே அவ்வளவு.

ஆகவே உங்கள் அன்புக்குரிய தெய்வத்தை விடாதீர்கள். ஆனால் ஹெஸ்தியாவுக்கு முதல் துளியை ஊற்றிவிட்டு அவரிடம் போங்கள்.

தத்துவ வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இயம்பிலிகஸ், பேரரசர் ஜூலியன், புரோக்ளஸ் ஆகியோரைப் படிப்பது, தெய்வம் என்றால் என்ன என்ற கேள்வியால் தூக்கம் கெடுகிறவர்களுக்கு அவசியம். மற்றவர்களுக்குப் பிறகு படிக்கலாம். புரோக்ளஸின் வாழ்வை எழுதிய அவருடைய மாணவர் மரினஸ், அந்த மாபெரும் தத்துவ அறிஞர் புதுப்பிறை நாளைச் சிறப்பாகக் கொண்டாடினார் என்று குறிப்பிடுகிறார். உச்சியில் நின்றவரும் கிளியார்கோஸின் வேலையைத்தான் செய்தார்.

முதல் சில மாதங்கள்

மொழி பற்றிய கவலையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். தெய்வத்தின் பெயரையும் அடைமொழியையும் நான் கிரேக்கத்தில் சொல்கிறேன், மற்றதெல்லாம் தமிழில். கிரேக்க வேண்டுதலுக்கு ஓர் எளிய அமைப்பு இருக்கிறது: அழைப்பது, முன்பு கொடுத்ததையும் பெற்றதையும் நினைவூட்டுவது, கேட்பது. கொடுத்தலும் திரும்பக் கொடுத்தலும் பின்னிய அந்த உறவுக்கு காரிஸ் என்று பெயர். நின்றுகொண்டு, உள்ளங்கைகளை மேல்நோக்கி உயர்த்தி, வாய்விட்டுச் சொல்வது வழக்கம். ஒலிம்பியத் தெய்வங்களுக்கு ஊற்றியபின் மீதியை நீங்கள் அருந்தலாம். இறந்தோருக்கும் பாதாளத் தெய்வங்களுக்கும் ஊற்றுவது முழுவதும் மண்ணுக்கே.

வரும் அமாவாசைக்கு முன்னால் மூடியுள்ள ஒரு கண்ணாடிக் குடுவையும் வெள்ளை நூலும் வாங்கிவிடுங்கள். அமாவாசை இரவில் வீட்டைப் பெருக்கி ஒருவருக்கு உணவு கொடுங்கள். பிறை தெரியும் மாலையில் கைகழுவி, விளக்கேற்றி, குடுவையை நிரப்புங்கள். அந்தக் குடுவையை ஆறு முறை புதுப்பித்த பிறகு புவனெப்சியாவோ அந்தெஸ்டீரியாவோ எது முதலில் வருகிறதோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பயறுகளை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும்.